புதன்கிழமை சேப்பலில் நான் விட்ட வரி

பின்னால் நான் அக்கா என்று கூப்பிட்டவரை முதல் நாள் பார்த்தபோது அவர் கல்லூரிச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சமையலுக்கு வைத்திருக்கும் ஆள் என்று நினைத்து, எனக்குக் காப்பியில் சீனி குறைவாகப் போடச் சொன்னேன். அவரும் "சரிம்மா" என்று கலந்து கொடுத்தார். அரை மணி நேரம் கழித்து வகுப்பில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"நானும் ஃபர்ஸ்ட் இயர்தான் தங்கச்சி. சமைக்கிற ஆன்ட்டிக்குக் கைல வெட்டுப்பட்டிருச்சி. அதான் ஒத்தாசைக்குப் போனேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை, பேனா இருக்கிறதா என்று கேட்டார். என் தவறை அவ்வளவு சுலபமாக அவர் விட்டுவிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. எரிச்சல் அன்றைக்கே தொடங்கியது என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்களுடையது சின்ன பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரி. டுரியான் துங்கால் என்ற சிற்றூரிலிருந்து உள்ளே போகும் சாலையில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி, ஒரு காலத்தில் தோட்ட மேலாளர் குடியிருந்த பங்களாவில் நடந்தது. இரண்டு வருடப் படிப்பு. மாணவர்கள் முப்பதுக்குள்தான் இருப்போம். சீனர்கள் அதிகம், சரவாக்கிலிருந்து வந்த இபான் பழங்குடி மாணவர்கள் கொஞ்சம், தமிழர்கள் ஏழு பேர். பாடம் ஆங்கிலத்தில். எங்கள் ஏழு பேருக்கு மட்டும் பிரசங்க வகுப்பு தமிழில் உண்டு. அதை எடுத்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு போதகர். நாங்கள் ஐயா என்று கூப்பிடுவோம்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு சேப்பல், அதாவது கல்லூரி ஆராதனை. பங்களாவின் பெரிய ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டு மின்விசிறிகள், மரத்தில் ஒரு பிரசங்க பீடம். இரண்டாம் வருட மாணவர்கள் முறை வைத்துப் பிரசங்கம் செய்ய வேண்டும். அவரவர் மொழியில் பேசலாம், பக்கத்தில் ஒருவர் நின்று வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார். முடிந்ததும் எல்லோரும் மதிப்பீட்டுப் படிவம் எழுதுவார்கள். முதல் வருட மாணவர்களுக்கு வகுப்பறைக்குள் மட்டும்தான் பிரசங்கம்.

நான் அங்கே போனபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. தெங்கேராவில் வீடு. பூட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து கிளார்க் வேலைக்கு வந்தவர். அவர் காலத்திலிருந்தே நாங்கள் சபைக்குப் போகிறவர்கள். அப்பா ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சபை நிர்வாகத்தில் டீக்கன். பத்து வயதில் நான் பீடத்தில் ஏறி வேதபாடம் வாசித்தபோது என் உச்சரிப்பைச் சபையே புகழ்ந்தது. பிறகு எட்டு வருடம் டியூஷன் சென்டரில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். வேலையை விட்டுவிட்டு இறையியல் படிக்கப் போகிறேன் என்றபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. நல்ல பிரசங்கியாக வருவேன் என்று எல்லோரும் நம்பினார்கள். எல்லோரையும்விட நான் நம்பினேன்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். இந்துக் குடும்பம். படிப்பு மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், நின்றுவிட்டது. இருபது வருடம் எலக்ட்ரானிக் பேக்டரியில் நின்றுகொண்டே வேலை பார்த்திருக்கிறார். சபைக்கு வந்து ஒன்பது வருடம்தான் ஆகியிருந்தது. புருஷன் இறந்துவிட்டார் என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். ஆங்கிலப் புத்தகத்தை விரல் வைத்து வாசிப்பார். புரியாத சொல்லை என்னிடம் கேட்பார், நான் சொல்லிக்கொடுப்பேன். அந்த நேரங்களில் மட்டும் எனக்கு அவரைப் பிடிக்கும்.

பிரசங்க வகுப்பில் என் முதல் பிரசங்கத்துக்கு மூன்று வாரம் உழைத்தேன். மூன்று குறிப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம், சரியாகப் பதினெட்டு நிமிடம். ஐயா குறிப்பேட்டை மூடிவிட்டு, "சுத்தமா இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

மறுவாரம் அக்கா. இரண்டாவது குறிப்பையே மறந்துவிட்டார். நேரம் தாண்டிவிட்டது. ஒரு வேத வசனத்தைத் தப்பாகச் சொல்லி, "இருங்க, இருங்க" என்று பக்கம் புரட்டித் திருத்தினார். முடிந்ததும் ஐயா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ரெண்டாவது பாயிண்ட் போகட்டும்மா. நீ சொன்னத வீட்டுக்குப் போயும் நெனச்சிக்கிட்டேதான் இருப்பேன்."

அன்று இரண்டு மணி நேரம் நூலகத்தில் உட்கார்ந்தேன், ஒரு வரி படிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் கணக்கெடுக்கத் தொடங்கினேன். அந்த வகுப்பறை சமையலறையை ஒட்டியது. நான் பேசினால் சமைக்கிற ஆன்ட்டி உள்ளேயே இருப்பார், பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அக்கா பேசினால் ஐந்தாவது நிமிடத்தில் சத்தம் நின்றுவிடும். ஆன்ட்டி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். அந்த வருடத்தில் அக்காவுக்காக அவர் நான்கு முறை வந்தார். எனக்காக ஒரு முறை வந்தார், அதுவும் சாப்பாடு தயார் என்று சொல்ல.

அக்கா மாதிரிப் பேசியும் பார்த்தேன். ஒரு பிரசங்கத்தில் தோட்டத்துக் கதை ஒன்று வைத்தேன். விடியற்காலையில் ரப்பர்த் தோட்டத்துக்குப் பால்மரம் வெட்டப் போகும் ஒரு தாய், வீட்டில் காய்ச்சலோடு பிள்ளை. நன்றாக வந்தது என்றே நினைத்தேன். சாப்பிடும்போது அக்கா உண்மையான அக்கறையோடு கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்கு அப்பறம் சரியாயிருச்சா தங்கச்சி? ஒனக்குத் தெரிஞ்சவங்களா?"

"இல்லக்கா. சும்மா ஓர் உதாரணம்."

"ஓ" என்றார். குழம்பை எடுத்து எனக்கு ஊற்றினார்.

என் பொறாமைக்காக நான் ஜெபம் பண்ணாமல் இல்லை. இதை என்னிடமிருந்து எடுத்துப்போடும் என்று முழங்காலில் நின்று கேட்டிருக்கிறேன். ஆனால் ஆமென் சொல்வதற்குள் அக்காவுடைய அடுத்த பிரசங்கம் எந்தத் தேதி என்று மனம் போய்விடும்.

இரண்டாம் வருடம் வந்தது. வருடக் கடைசியில் பட்டமளிப்பு ஆராதனை. அதில் மாணவர்கள் சார்பாக ஒருவர் பிரசங்கம் செய்வார். சேப்பல் படிவங்களில் யாருக்கு அதிக மதிப்பெண் கிடைக்கிறதோ அவருக்கு அந்த இடம். ஊரிலுள்ள சபைகள் எல்லாம் வரும், அப்பாவும் வருவார். அது எனக்கு வேண்டும். வேண்டும் என்று வெளியே சொல்லவில்லை, ஆனால் அந்த வருடம் முழுக்க வேறு எதையும் நான் அவ்வளவு விரும்பவில்லை.

என் முறை முதலில் வந்தது. நான் ஆங்கிலத்தில் பேசினேன், நன்றாகவே பேசினேன். படிவங்களில் நல்ல மதிப்பெண்.

ஐந்து வாரம் கழித்து அக்காவின் முறை. மொழிபெயர்க்க என்னைப் போட்டார்கள். தமிழர்களில் எனக்குத்தான் ஆங்கிலம் நன்றாக வரும்.

"நோட்டு குடுங்க அக்கா, முன்னாடியே பாத்து வச்சிக்கிறேன்" என்றேன்.

"நோட்டெல்லாம் இல்ல தங்கச்சி. நான் சொல்லச் சொல்ல நீ கூடவே வா."

அந்தப் புதன்கிழமை ஐயா இல்லை, சிரம்பானில் ஒரு சபைக்குப் போயிருந்தார். முதல்வர் முன்வரிசையில் இருந்தார். அவர் சீனர், தமிழ் தெரியாது.

அக்கா எடுத்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. நடக்க முடியாத ஒருவனை நான்கு பேர் கட்டிலோடு தூக்கி வருகிறார்கள். வீட்டில் கூட்டம், உள்ளே போக வழியில்லை. கூரையைப் பிரித்து இயேசுவுக்கு முன்னால் இறக்குகிறார்கள். அவன் எழுந்து நடந்து போகிறான். இதைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அக்கா கேட்ட கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"அவன் எழும்பிட்டான். சரி. எழும்பாம இருந்திருந்தா? அந்த நாலு பேரும் என்ன செஞ்சிருப்பாங்க? கயித்தப் புடிச்சி மறுபடியும் மேல தூக்கியிருப்பாங்களா? இல்ல, இவ்ளோ பாடுபட்டும் ஒண்ணும் நடக்கலயேன்னு அங்கயே விட்டுட்டுப் போயிருப்பாங்களா?"

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். சீன மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். அவருடைய வாக்கியம் என் வாயிலிருந்து போய் அவர்களைத் தொடுகிறது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

பிறகு அக்கா தன் புருஷனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். எங்களிடம் அதுவரை பேசாதது. அவர் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டினவர். லோரி கவிழ்ந்து முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. யாரோ ஜாசினில் ஒரு சபைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சபை ஒரு கடைக்கு மேலே, முதல் மாடியில். லிஃப்ட் கிடையாது. குறுகலான படி. நான் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன். மொழிபெயர்ப்பவர் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாணமாகாத நான், என் புருஷன், என் புருஷன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆன்ட்டி வாசலுக்கு வந்திருந்தார். அக்கா சாதாரணக் குரலில் சொன்னார்.

"ஒரு வெல்டர், ஒரு செக்யூரிட்டி, பசார்ல மீன் விக்கிறவரு, ஒரு ஸ்கூல் கிளார்க். நாலு பேரு. நாற்காலியோட தூக்கிட்டு அந்தப் படி ஏறுவாங்க. ஜெபம் பண்ணுவாங்க. என் புருஷன் எழும்பல. ஆறு வருஷம், அவர் எழும்பவே இல்ல. ஆனா ஒரு ஞாயித்துக்கிழமகூட அவரக் கீழ விட்டுட்டு அவங்க மேல போகல."

எனக்கு முன்னால் இருந்த தமிழ் மாணவர்கள் உடைந்துவிட்டார்கள். மற்ற இருபது பேரும் என்னைப் பார்த்துக் காத்திருந்தார்கள். முதல்வர் தலையை லேசாக முன்னால் நீட்டியிருந்தார். அந்த வரி அவர்களிடம் போய்ச் சேர என் வாயைத் தவிர வேறு வழியில்லை.

நண்பர்கள் நான்கு பேர் அவர் இறக்கும்வரை எங்களுக்கு உதவியாக இருந்தார்கள் என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

சொல் வராமல் போகவில்லை, களைப்பும் இல்லை. ஆங்கிலத்தில் அந்த வரி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அது நாக்கில் இருந்தது. நான் சொல்லவில்லை.

அக்கா பக்கவாட்டில் என்னை ஒரு முறை பார்த்தார். அவ்வளவு நீளமாகச் சொன்னது இவ்வளவு குட்டையாகிவிட்டதே என்று தோன்றியிருக்கலாம். பிறகு தொடர்ந்து பேசி முடித்தார். தமிழ் மாணவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவர்கள் கேட்டது அக்காவின் தமிழை, என் ஆங்கிலத்தை யாரும் கவனிக்கவில்லை. மற்றவர்கள் ஒன்றும் புரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

படிவங்கள் வந்தன. தொடக்கம் நன்றாக இருந்தது, முடிவு தெளிவாக இல்லை என்று பலர் எழுதியிருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஐயா என்னை வராந்தாவில் நிறுத்தி, பட்டமளிப்பு ஆராதனையில் நான்தான் பேச வேண்டும் என்றார். அன்று சாயங்காலமே அப்பாவுக்கு போன் செய்தேன். அவர் சிங்கப்பூரில் இருக்கும் அத்தைவரைக்கும் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்த இடத்தில், இபான் மாணவர் ஒருவர் அக்காவிடம் மலாயில் கேட்டிருக்கிறார், அன்றைக்குத் தமிழ் ஆட்கள் ஏன் அழுதார்கள் என்று. அக்கா மலாயில் நான்கு பேரின் கதையை முழுதாகச் சொல்லியிருக்கிறார். அந்த மாணவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, இதை ஆங்கிலத்தில் சொல்லவே இல்லையே என்றாராம்.

அக்கா என்னைத் தேடி நூலகத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, அன்னைக்கு அந்த எடத்துல நீ கொஞ்சம் விட்டுட்ட போல."

நான் புத்தகத்தில் ஒரு பக்கம் புரட்டினேன்.

"பரவால்லலா. ஒனக்குத் தொண்ட அடச்சிருக்கும். நான் நோட்டு குடுத்திருக்கணும்."

"ஆமாக்கா" என்றேன். "தொண்ட அடச்சிருச்சி."

அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நான் செய்ததில் எதை நினைத்து அதிகம் வெட்கப்படுகிறேன் என்று கேட்டால், விட்ட வரியைவிட இந்த "ஆமாக்கா"வைத்தான் சொல்வேன்.

மூன்று ஞாயிறு தாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் ஜாசினைத் தாண்டி ஒரு தோட்டத்து ஜெபக்கூட்டத்துக்குப் பயிற்சிக்காகப் போவோம். என் காரில்தான். நான்காவது ஞாயிறு, ஜாசின் டவுனைத் தாண்டியதும், சாலையைப் பார்த்தபடியே சொல்லிவிட்டேன்.

"அக்கா, தொண்ட அடைக்கல. வேணும்னுதான் விட்டேன். ஒங்களப் பாத்து எனக்குப் பொறாம."

அவர் சீட் பெல்ட்டைக் கழற்றினார். பிறகு, "வண்டிய ஓரமா நிறுத்து" என்றார்.

ஒரு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அவர் மடியிலிருந்த பையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"என் இங்கிலீசப் பாத்து நீ சிரிச்சிருந்தாக்கூட எனக்கு ஒண்ணுமில்ல. அது என் கத இல்ல தங்கச்சி. அவரோட கத. அந்த நாலு பேரோட கத. அவங்களப் பத்தி யாரும் எங்கயும் சொன்னதில்ல. நான் ஒரு தடவ சொன்னேன். அத நீ எடுத்துட்ட."

"மன்னிச்சிருங்க அக்கா."

"எங்கிட்டக் கேக்காத. அங்க ஒக்காந்திருந்தவங்களுக்குச் சொல்லு. நான் சொன்னத அப்படியே சொல்லு."

இறங்கிக் கதவைச் சாத்தினார். அன்று தோட்டத்துக்கு நான் தனியாகத்தான் போனேன். அவர் எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்று இன்னொரு பொய் சொன்னேன்.

அடுத்த புதன்கிழமை முதல்வரிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினேன். பீடத்துக்குப் பின்னால் நிற்கக் கூச்சமாக இருந்தது, பக்கத்தில் நின்றேன். அந்த நான்கு பேரையும் ஒவ்வொருவராக ஆங்கிலத்தில் சொன்னேன். ஆறு வருடம் என்று சொன்னேன். கீழே விட்டுவிட்டு மேலே போகவில்லை என்று சொன்னேன். இதை நான் அன்று வேண்டுமென்றே விட்டேன், காரணம் பொறாமை என்றும் சொன்னேன். சாட்சி நேரங்களில் பாவத்தைப் பற்றிப் பேசுவோம், ஆனால் எப்போதும் பழைய பாவமாகத்தான் இருக்கும். போன மாதத்துப் பாவத்தை யாரும் அங்கே சொன்னதில்லை. ஒரு சீன மாணவி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள், அது எனக்காக இல்லை. அக்கா கடைசி வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் ஐயா வந்தார்.

"பட்டமளிப்புப் பிரசங்கம் நீ பண்ண வேணாம்மா."

"சரிங்க ஐயா."

"அன்னைக்கு நான் இங்க இருந்திருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. டிவியை அணைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். "அப்ப நான் வர வேணுமா?" என்றார். "வாங்க அப்பா" என்றேன். கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

அந்த ஆராதனையில் பேசியது அக்கா. மொழிபெயர்க்க அவர் கேட்டது என்னை இல்லை, முதல் வருட மாணவி ஒருத்தியை. நான் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விட்ட சொற்களையெல்லாம் மனதுக்குள் திருத்திக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய கூட்டத்தைப் பார்த்து அக்கா பயந்துவிட்டார். முதன்முறையாக எழுதி வைத்து, அதைப் பார்த்து வாசித்தார். குரல் எழவில்லை. சுமாரான பிரசங்கம். அது சுமார் என்று தெரிந்த அந்த நிமிடம் எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்ததை நான் மறைக்கப் போவதில்லை. அத்தனைக்குப் பிறகும். அப்பா பாட்டுப் புத்தகத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

ஒரு வருடம் அக்கா என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் போன் வந்தது. நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. மாவட்ட அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்திருக்கிறது, வாசித்தால் அர்த்தம் சொல்கிறாயா என்றார். சொன்னேன். அதன் பிறகு மாதத்துக்கு இரண்டு முறையாவது இப்படிக் கூப்பிடுவார்.

அவர் இப்போது ஜாசினில் ஒரு சின்ன சபையை நடத்துகிறார். நான் கல்லூரியில் பகுதிநேரமாக ஆங்கிலம் எடுக்கிறேன், மாதம் ஒரு ஞாயிறு எங்கள் சபையில் பேசுகிறேன். அங்கே பிரசங்கம் நன்றாக இருந்தது என்பார்கள். அந்தச் சொல்லுக்கு நான் பழகிவிட்டேன். ஜாசினிலிருந்து யாராவது வந்தால், அங்கே இப்போது எத்தனை பேர் வருகிறார்கள் என்று விசாரிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

போன மாதம் அக்கா தன் சபையில் பேச என்னை அழைத்தார். போனேன். நாற்பது பேர் இருந்தார்கள். நான் தயாரித்ததைப் பேசினேன். மரியாதையாகக் கேட்டார்கள், ஒரு குழந்தை தூங்கியது. கடைசியில் அக்கா எழுந்து அறிவிப்புச் சொன்னார். அடுத்த வாரம் யார் சாப்பாடு கொண்டுவருவது என்பதைத்தான் சொன்னார். அதற்கே சபை முழுவதும் சிரித்து, முன்னால் சாய்ந்து உட்கார்ந்தது.

எல்லோரும் போன பிறகு இருவரும் நாற்காலிகளை அடுக்கினோம்.

"இன்னும் இருக்கா?" என்றார் அக்கா.

எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"இருக்குக்கா."

"சரி" என்றார். "அந்தப் பக்கத்த நீ தூக்கு. இந்த மேச ஒரு ஆளுக்கு நகராது."